பால் வென்றது

மகன் புது வேலைக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலையில் பால் வென்றது. அப்படித்தான் போன் சொன்னது.

என் மருமகள் பிரேசில்காரி. மகன் வளைகுடாவில் ஒரு ஓட்டல் அடுக்களையில் வேலை பார்த்தான். அவள் அதே ஓட்டலில் வருகிறவர்களை வரவேற்கும் மேசையில் இருந்தாள். பழகிப் பிடித்துப்போய், கல்யாணம் என்று தீர்மானமாகி, எங்கள் ஊர் ஆலயத்தில், போதகர் முன்னால் வைத்துத் தாலி கட்டினான். அவள் பக்கத்திலிருந்து யாராலும் வர முடியவில்லை. அவளுடைய அம்மா போனில் முழு ஆராதனையையும் பார்த்து அழுதார். கல்யாணம் முடிந்த கையோடு மகன் வேறொரு ஓட்டலில் சேரவேண்டியிருந்தது. அங்கே குடும்ப விசா சரியாக மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை உன் ஊருக்குப் போய் இருக்கிறாயா என்று அவன் கேட்டதற்கு, வேண்டாம், உன் வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே மகன், பெண்பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. கூடவே பயமும் உண்டு. அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். எனக்கு வருவது கடை இங்கிலீஷ். கேரளத்து எல்லைக்குள், கொல்லயில் என்கிற பஞ்சாயத்தில், பாறசாலைக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. பாக்கெட்டில் அச்சடித்திருப்பதை நான் வாசித்துவிடுவேன். மருமகளிடம் மனசுவிட்டுப் பேச அது போதுமா? மகன் கிளம்பும்போது என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். அவள் போர்ச்சுகீஸில் பேசினால் அது தமிழில் சொல்லும், நான் தமிழில் பேசினால் போர்ச்சுகீஸில் சொல்லும். எங்கள் பாறசாலைத் தமிழ் அதற்கு அவ்வளவாகப் பிடிபடாது என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் காப்பி போடலாம் என்று பிரிட்ஜைத் திறந்து, உள்ளே கையைவிட்டு ஒரு பால் கவரை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்து, போனை வாய்க்கு நேரே பிடித்து என்னவோ சொன்னாள். போன் தெளிவான பெண் குரலில் சொன்னது:

"பால் வென்றது."

என் வீட்டுக்காரர் பல் தேய்த்தபடி அடுக்களை வாசலுக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

"ஆர வென்னுது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? வேணும்னா பாலிட்ட கேளுங்க" என்றேன்.

அவள் மறுபடியும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "ஓ லெய்ச்சி வென்செவு." போன் மறுபடியும் பால் வென்றது என்றது. வீட்டுக்காரருக்கு அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. உலகக் கோப்பை வந்தால் எங்கள் ரோட்டில் அவர்தான் முதல் ஆளாக மஞ்சள் கொடி கட்டுவார். பிரேசிலில் பால் என்று ஏதோ ஒரு டீம் இருக்கிறது, இராத்திரி அது ஜெயித்திருக்கிறது, பிள்ளை அதைத்தான் சொல்கிறாள் என்று வாயில் நுரையோடு போய் டி.வி.யைப் போட்டார். டி.வி.யில் ஏதோ சமையல் ஓடியது.

கடைசியில் அவள் கவரின் ஓரத்தில் இருந்த தேதியை விரலால் தட்டிக் காட்டினாள். அது முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. கல்யாணக் கூட்டத்தில் யாரோ வாங்கிவைத்து, பின்னால் ஒதுங்கிப்போன கவர். அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர்கள் ஊரில் ஒரு சாமானின் தேதி முடிந்துபோனால் 'வென்செவு' என்பார்கள். பந்தாட்டத்தில் ஜெயித்தாலும் அதே 'வென்செவு'தான். போன் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு நிற்கவில்லை. கடையில் தேதி பார்ப்பது என் வேலை. கம்பெனி வண்டி வரும்போது காலாவதியான பாக்கெட்டை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது, முடியப் போவதை அலமாரியில் முன்னால் தள்ளி வைப்பது, இதையே வருடக்கணக்காகச் செய்கிறேன். அந்த வேலைக்கு இப்படி ஒரு வார்த்தை உலகத்தில் எங்கேயோ இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்று ஒரு பரபரப்பு. அன்றைக்குக் கடையில் ரொட்டி வாங்க வந்த டீச்சரிடம், "இது இன்னைக்கு வென்செ ஆவும் டீச்சரே, நாளைக்கு வச்சிருக்க வேண்டா" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு துக்க வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மருமகளை வீட்டில் விட்டுவிட்டுப் போய், மத்தியானம் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு எலுமிச்சை வாசனை. அடுக்களை பளபளவென்று இருந்தது. பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். பிரிட்ஜ் புதிதாக வாங்கியதைப் போல இருந்தது. மீன்சட்டி காலியாக இருந்தது. முந்தின நாள் வைத்த சாளைக் கறி, குடம்புளி நன்றாக இறங்கி இன்றைக்குத்தான் ருசியாக இருக்கவேண்டியது, காணோம். ஆப்பத்துக்கு அரைத்து வைத்த மாவையும் காணோம். பின்வாசலில் எட்டிப் பார்த்தால், உப்புமாங்காப் பரணியைத் தூக்கிக்கொண்டு அவள் தென்னை மூட்டில் கொட்டப் போய்க்கொண்டிருக்கிறாள்.

நான் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. ஓடிப்போய்ப் பரணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மூடியைத் திறந்து காட்டினாள். மேலே வெள்ளையாக, பாலேடு போலப் பாடை படிந்திருந்தது. "வென்செவு, மாமி" என்றாள் பாவமாக. மாமி என்று கூப்பிட அவளுக்குக் கல்யாணத்தன்றே வந்துவிட்டது. அவர்கள் ஊரில் அம்மாவைக் கூப்பிடுகிற வார்த்தையும் கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தானாம்.

இது கெட்டது இல்லை, மேலே இருக்கிற பாடையை எடுத்துக் களைந்தால் உள்ளே மாங்காய் கல்லுப் போல இருக்கும், அடுத்த வருடம் வரைக்கும் இருக்கும் என்று எங்கள் பேச்சில் கடகடவென்று போனில் சொன்னேன். என் குரலும் கொஞ்சம் ஏறியிருந்தது. போன் அவளிடம் என்ன சொன்னதோ, அவள் முகம் வெளுத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பரணியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவள் போனை எடுத்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. அங்கே ஒரு டப்பாவைத் திறந்தால் திறந்த தேதியை எழுதி ஒட்டவேண்டும். சமைத்ததில் மிச்சம் எடுத்துவைத்தால் எதுவரைக்கும் என்று எழுதி ஒட்டவேண்டும். தேதி கடந்தால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குப்பைதான். பிள்ளைகள் சாப்பிடுவது அல்லவா. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பிரிட்ஜில் தேதி ஒட்டாத டப்பா ஒன்றுகூடக் கிடையாதாம். எங்கள் பிரிட்ஜில் தேதி ஒட்டின டப்பா ஒன்றுகூட இல்லை. பாவம், வந்த நாள் முதல் அவள் பயந்து பயந்துதான் சாப்பிட்டிருக்கிறாள். இன்றைக்கு நான் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் சுத்தமாக்கி எனக்கு ஒரு சந்தோஷம் தரவேண்டும் என்று காலையிலிருந்து நின்று வேலை செய்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் கையைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் விரலெல்லாம் சுருங்கியிருந்தது.

சாயங்காலம் பூவாரிலிருந்து வருகிற மீன்காரரிடம் மறுபடியும் சாளை வாங்கினேன். அவளைப் பக்கத்தில் நிறுத்திக் கறி வைத்தேன். இறக்கினதும் ஒரு கரண்டி எடுத்து அவள் கையில் விட்டேன். நக்கிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். சட்டியை மூடி, "அமன்யா" என்றேன். நாளைக்கு என்று அர்த்தம். போனிடம் கேட்டு வைத்திருந்தேன். மறுநாள் காலையில் சூடாக்கி, கப்பைக் கிழங்கோடு அவளுக்கு முன்னால் வைத்தேன். முதல் வாயை அவள் மருந்து தின்பவளைப் போலத்தான் தின்றாள். இரண்டாவது வாயில் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் சட்டியை அவளே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மெல்யோர்" என்றாள். நேற்றைவிட நன்றாக இருக்கிறது.

புளித்தது வேறு, கெட்டது வேறு என்பதை அன்றைக்குத்தான் இரண்டு பேரும் பேசித் தீர்த்தோம். புளித்தது 'அஸேது'. கெட்டது 'இஸ்த்ரகாது'. ஆப்ப மாவு அஸேது, இஸ்த்ரகாது இல்லை. உப்புமாங்கா இரண்டும் இல்லை, அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. அதனால் அவளும் உப்புமாங்கா என்றே சொல்லப் பழகினாள். நன்றாகத்தான் சொல்வாள், அந்த 'ங்கா'வை மட்டும் மூக்கில் கொஞ்சம் இழுப்பாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானத்தில் கடையில் ஆள் இருக்காது. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில், அவள் அரிசி மூட்டை மேலே. நான் ஒரு பொருளைக் காட்டி எங்கள் வார்த்தையைச் சொல்வேன். முறுக்கு காற்றுப் பட்டால் நமத்துப் போகும். ரொட்டி பூத்துப் போகும். சோறு ஊசிப் போகும். பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். ரவையில் வண்டு விழும். போன் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னது: இஸ்த்ரகோ, இஸ்த்ரகோ, இஸ்த்ரகோ. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய தேசத்தில் எல்லாம் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?

அவள் போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு ஒன்றும் தெரியாது என்று கையை ஆட்டினாள். நமத்துப்போன முறுக்கை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. "முர்ஷோ" என்றாள். பூத்துப்போன ரொட்டிக்கு "மொஃபோ". சிக்கு வாடைக்கு "ரான்சோசு". வண்டு விழுந்ததற்கு "பிஷாது". அவர்களிடமும் எல்லாம் உண்டு! எனக்குப் புல்லரித்தது. முறுக்கு முர்ஷோ, முறுக்கு முர்ஷோ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, "எட்டி, ஒனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. 'எ போன்' என்றாலும் நல்லது; 'இஸ்தா போன்' என்றாலும் நல்லது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஓட்டலில் அவளோடு வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் பலர் இதைப் படிக்கப் பார்த்துக் கைவிட்டார்களாம். அவள் இங்கிலீஷில் விளக்கினாள், போனில் விளக்கினாள், படம் வரைந்தும் காட்டினாள். நான் மாற்றி மாற்றிச் சொல்லி அவளைக் கொன்றேன்.

ஒருநாள் அதியன்னூரிலிருந்து வாழைக்குலை கொண்டுவருகிறவர் ஒரு குலை ரோபஸ்டா இறக்கிவிட்டுப் போனார். நன்றாகப் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கிற பழம். ஒரு பெண் வந்து, பச்சையாக இருக்கிறதே, பழுக்கவில்லையா என்று மலையாளத்தில் கேட்டாள். நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன்.

"இது பச்சையாக்கும். ஆனா பழுத்திருக்கு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். பச்சை என்பது இந்தப் பழத்தின் குணம். அது என்றைக்கும் பச்சைதான், அதனால் 'ஆக்கும்'; அவள் சொல்லும் 'எ'. பழுத்திருப்பது இன்றைக்கு உள்ள நிலை. நேற்று இல்லை, நாளைக்கு மறுநாள் அழுகிப்போகும், அதனால் 'இருக்கு'; அவள் சொல்லும் 'இஸ்தா'. அவள் இத்தனை நாளாக மாரடித்தது இதற்குத்தானா!

வந்த பெண்ணுக்குச் சில்லறை கொடுக்கக்கூட மறந்து உள்ளே ஓடினேன். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பழத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எஸ்ஸா பனானா எ வெர்ஜி" என்றேன். இந்த வாழைப்பழம் பச்சையாக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். "மாஸ் இஸ்தா மதூரா." ஆனால் பழுத்திருக்கு. பழுத்ததற்கு அவர்கள் மதூரா என்பார்கள். எங்களுக்கு மதுரம் என்றால் இனிப்பு, அதனால் அது மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது.

அவள் துணியைக் கீழே போட்டாள். என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள். உடனே மகனுக்குப் போன் போட்டு, என்னை மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவன் வேலை நேரத்தில் இருந்தான். பின்னால் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே, "அம்மா, எனக்கே இது இதுவரைக்கும் சரியா வரல்ல" என்றான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பால் நல்ல பாலாக்கும், அது எ போன். பால் இன்றைக்கும் கெடாமல் நன்றாக இருக்கு, அது இஸ்தா போன். அதற்கு முன்னால் ஒரு 'அயிந்தா' சேர்த்தால் 'இன்னும்' ஆகிவிடும். அயிந்தா இஸ்தா போன்: இன்னும் நன்றாக இருக்கு. கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.

விசா வந்தது. வளைகுடாவுக்குப் போவதற்கு முன்னால் ஊருக்குப் போய் அம்மாவோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று மகன் சொன்னான். அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் பெட்டி கட்டுகிற நாள் நெருங்க நெருங்க வீட்டில் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. அதை மறக்க நான் பலகாரத்தில் இறங்கினேன். முந்திரிக்கொத்து உருட்டினேன். அச்சப்பம் சுட்டேன். நேந்திரங்காய் நறுக்கிச் சர்க்கரைவரட்டி செய்தேன். நாரங்கா அச்சாறு, எலுமிச்சை ஊறுகாய்தான், ஒரு பாட்டிலில் அடைத்தேன். மீனும் கருவாடும் விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று மருமகள் சொல்லிவிட்டாள், இல்லையென்றால் அதையும் கட்டியிருப்பேன்.

எல்லாம் தயாரானதும்தான் எனக்கு உறைத்தது. இது போகிற இடம் தேதி ஒட்டாத டப்பாவே இல்லாத வீடு. சம்பந்தியம்மா பிரித்துப் பார்த்து, எதுவரைக்கும் என்று எழுதவில்லையே என்று அப்படியே ஒதுக்கிவிட்டால்?

நானே எழுதி ஒட்டுவது என்று தீர்மானித்தேன். போர்ச்சுகீஸில், என் கையால். மருமகள் எழுதித் தருகிறேன் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. எழுத்தை மட்டும் அவள் சொல்லட்டும், வார்த்தை என்னுடையது.

உட்கார்ந்த பிறகுதான் கஷ்டம் புரிந்தது. கடையில் உள்ளதற்கெல்லாம் கம்பெனி தேதி போட்டுத் தருகிறது, நான் வாசித்தால் போதும். நான் செய்ததற்கு நான் தானே தேதி சொல்லவேண்டும்? அச்சப்பம் எத்தனை நாள் இருக்கும்? எங்கள் வீட்டில் அது கெடுகிற வரைக்கும் இருந்ததே இல்லை. முந்திரிக்கொத்து ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தியம்மாவுக்குப் பயந்து தேதியைக் குறைத்துப் போட்டேன். அச்சாறுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அச்சாறு கெடுவது நாளால் அல்ல, கையால். ஈரக் கரண்டி போட்டால் ஒரு வாரத்தில் பூத்துவிடும். காய்ந்த கரண்டி போட்டால் ஒரு வருடம் இருக்கும். இதை எந்தத் தேதியில் எழுதுவது?

வீட்டுக்காரர் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று எட்டிப் பார்த்தார். "உள்ளத அப்பிடியே எழுதுட்டி. தேதி எதுக்கு?" என்றார்.

சரிதான் என்று தோன்றியது. மருமகளிடம் ஈரத்துக்கும் காய்ந்ததற்கும் வார்த்தை கேட்டு, பெரிய எழுத்தில் எழுதினேன். கொல்யேர் சேக்கா, ஊம் ஆனு. கொல்யேர் மொல்யாதா, உமா செமானா. காய்ந்த கரண்டி, ஒரு வருடம். ஈரக் கரண்டி, ஒரு வாரம். மருமகள் அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். இதை அம்மா பள்ளிக்கூடத்து அடுக்களையில் ஒட்டினாலும் ஒட்டிவிடுவார் என்றாள்.

அவள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. கடையில் ஆளில்லாத நேரத்தில் அரிசி மூட்டையைப் பார்ப்பேன். போர்ச்சுகீஸை மட்டும் விடவில்லை. போனில் பாடம் கேட்பேன். பேச ஆள் இல்லாததால் வீட்டுக்காரரிடம் பேசுவேன். அவர் எல்லாவற்றுக்கும் "போன்" என்பார்.

ஒருநாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், பிரேசிலிலிருந்து வீடியோவில் அழைப்பு வந்தது. அங்கே அப்போது காலை. மருமகள்தான் என்று எடுத்தால் சம்பந்தியம்மா. தனியாக இருந்தார். நரைத்த முடியைத் துணியால் கட்டியிருந்தார். மகள் குளிக்கிறாள் என்பதைத் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அதுவரை நாங்கள் பேசியதெல்லாம் நடுவில் மகளை வைத்துத்தான். செயலியைத் திறக்கலாம் என்றால், பேசிக்கொண்டிருப்பதே அந்தப் போனில்தான்.

அவர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். நான் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூடியில் என் கையெழுத்து. அவர் தேதியில் விரலை வைத்துச் சொன்னார்.

"வென்செவு ஓன்தெங்."

ஓன்தெங் என்றால் நேற்று. தேதி நேற்று முடிந்துவிட்டது. அவர் தூக்கி எறியவில்லை. எறிந்துவிட்டு எனக்குச் சொல்லவும் இல்லை. எறிய மனசு வராமல், என்னைக் கேட்க அழைத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அது விளங்கியது. என்ன சொல்லவேண்டும் என்பதும் தானாக வந்தது.

"ஷெய்ரு?" என்று கேட்டேன். வாசனை?

டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "போன்" என்றார்.

"மொஃபோ?"

ஒன்றை எடுத்துக் கேமராவுக்குக் கிட்டத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பூக்கவில்லை. மேல்மாவு உதிராமல், நான் பொரித்தெடுத்தபோது இருந்த அதே நிறத்தில் இருந்தது.

"நாவ் வென்செவு" என்றேன். "அயிந்தா இஸ்தா போன். போஜி கொமேர்." முடிந்துபோகவில்லை. இன்னும் நன்றாக இருக்கு. சாப்பிடலாம்.

அவர் என்னைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு கடித்தார். கடக் என்ற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. மென்றுகொண்டே வேகமாக என்னென்னவோ சொன்னார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மருமகள் தலையில் துண்டோடு வந்து அம்மா கையில் இருப்பதையும் மூடியில் இருந்த தேதியையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தன் நினைவில் அம்மா தேதி கடந்த ஒரு பொருளை வாயில் வைத்து இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். சம்பந்தியம்மா அதைக் கண்டுகொள்ளாமல் இன்னொன்றை எடுத்தார்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கடையைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். அவரையும் பார்த்ததும் சம்பந்தியம்மா எழுந்துபோய், செங்கல் போல ஒரு சிவப்புக் கட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அல்வா போல மினுமினுப்பாக இருந்தது. "கொயாபாதா" என்றார். எதில் செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. "கொயாபா, கொயாபா" என்று கையால் உருண்டை பிடித்துக் காட்டினார். எங்கள் ஊரில் பேரக்கா என்றுதான் சொல்வோம். ஆனால் நாகர்கோவில் சந்தையில் விற்பவர்கள் சொல்லும் பெயர் எனக்குச் சட்டென்று வந்தது. பின்பக்கம் ஓடி, மரத்திலிருந்து ஒன்றைப் பறித்து வந்து போனுக்கு முன்னால் பிடித்தேன்.

"கொய்யா" என்றேன்.

"கொயாபா" என்றார் அவர்.

"க்வாந்து தெம்பு தூரா?" என்று கேட்டேன். எத்தனை நாள் இருக்கும்?

பிரிக்காமல் வைத்தால் ஒரு வருடம். பிரித்தால்? அவர் மகளைப் பார்த்தார், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரித்தால் அவர்கள் வீட்டில் அது மிஞ்சினதே இல்லையாம்.

கிறிஸ்துமஸுக்கு அவர் இங்கே வருகிறார். டிக்கெட் எடுத்தாயிற்று. மகனும் மருமகளும் வளைகுடாவிலிருந்து நேராக வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்தச் சிவப்புக் கட்டியையும், வயசாக ஆக இறுகுமாம், அப்படி ஒரு பாற்கட்டியையும் கொண்டுவருவார். இந்தப் பாறசாலை உஷ்ணத்துக்கு அது தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம், எனக்கும் தெரியாது. தினமும் சாயங்காலம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுகிறோம். வீட்டுக்காரருக்கு ஆலயத்துக்குப் போட்டுக்கொண்டு போக மஞ்சள் சட்டை வேண்டுமாம், அளவு சொல்லியாகிவிட்டது. நான் இப்போது மாதங்களின் பெயரில் இருக்கிறேன். ஜனேய்ருவில் தொடங்கி வரிசையாகச் சொல்வேன். அகோஸ்து மட்டும் அடிக்கடி விட்டுப்போகும், தெசெம்ப்ருவை ஒருநாளும் விடமாட்டேன்.